தொட்டியில் கிடைத்த முட்டை யாருடையது?

சென்ற மார்ச் மாதத்தில் ஒரு மாலை. திருவொற்றியூரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இறங்கி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு தீப்பெட்டி. திறந்து காட்டினாள். உள்ளே பட்டாணியைவிடச் சற்றுப் பெரியதாக, சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை வெளேரென்று ஓர் உருண்டை.

"சார், இது எந்தப் பிராணியோட முட்டை? எங்க வீட்டுக் குரோட்டன்ஸ் தொட்டியில இருந்தது. ஆயா இதைப் பாம்பு முட்டைன்னு சொல்றாங்க."

வீட்டில் தவழும் குழந்தை ஒன்று உண்டு. அதனால் தாயார் பயந்துபோய், தொட்டியில் கொதிக்கும் நீரை ஊற்றி, செடியோடு தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவதாக முடிவு செய்திருந்தார். அன்று இரவுக்குள் பதில் தேவை.

நான் இயற்பியல் ஆசிரியன். உயிரியல் எனக்குப் பழக்கமான துறையன்று. இருந்தாலும் மண்ணில் கிடைத்தது என்று கேட்டவுடன், "ஓணான் முட்டையாக இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவள் தயங்கியபடி, "ஓணான் முட்டை தோல் மாதிரி மெத்துன்னு இருக்கும்னு எங்க டீச்சர் சொன்னாங்களே சார்? இது நகத்தால தட்டினா டிக்குன்னு சத்தம் வருது" என்றாள்.

அவள் சொன்னது சரி. நான் முட்டையைப் பார்ப்பதற்கு முன்பே விடையைச் சொல்லியிருந்தேன். ஆயாவும் அதையேதான் செய்திருந்தார். எனவே, ஊகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஆய்வகத்தில் ஒரு தெரியாத பொருளை எப்படி அணுகுவோமோ அப்படியே இந்த முட்டையை அணுகுவது என்று இருவரும் முடிவு செய்தோம். அந்த முறையை உங்களுக்கும் சொல்கிறேன்.

செய்யக் கூடாதவை

முதலில் அவளிடம் கேட்டேன்: "தொட்டியில் இது ஒன்றுதானா?" இல்லை, இன்னொன்றும் இருந்தது. அதை அவள் தொடவில்லை. இதை மட்டும் எடுத்து, குழாயடியில் கழுவி, தீப்பெட்டியில் உருட்டிப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

இங்கே ஒரு முக்கியமான செய்தியை அறிந்துகொள்ள வேண்டும். கோழி அடைகாக்கும்போது தன் முட்டைகளை அலகால் அடிக்கடி புரட்டிவிடும். புரட்டாவிட்டால்தான் கெடுதல். கோழி முட்டையை உடைத்து ஊற்றும்போது மஞ்சள் கருவின் இருபுறமும் முறுக்கிய வெண்ணிறக் கயிறு போன்ற பகுதி தெரியும் அல்லவா? மஞ்சள் கருவை நடுவில் தாங்கிப் பிடிப்பது அதுதான். ஊர்வனவற்றின் முட்டைகளில் இந்தக் கயிறு கிடையாது. முட்டை இடப்பட்ட சிறிது காலத்திலேயே கரு மேற்புறத்து ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு முட்டையைத் தலைகீழாகப் புரட்டினால் கரு இறந்துவிட வாய்ப்புண்டு.

ஆகவே, தெரியாத முட்டை ஒன்றைக் கண்டால் மூன்று செயல்களைத் தவிர்க்க வேண்டும். உருட்டக் கூடாது, கழுவக் கூடாது, உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்க்கக் கூடாது. எடுத்தே ஆகவேண்டுமானால், மேற்புறத்தில் பென்சிலால் மெல்ல ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி எப்போதும் மேலே இருக்கும்படி ஒரு கரண்டியால் எடுக்க வேண்டும். பிறகு கைகளைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். ஊர்வனவற்றின் உடலிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

தீப்பெட்டி முட்டையின் மேற்புறம் எது என்பது இனித் தெரியாது. தொட்டியில் இருந்த இரண்டாவது முட்டைக்கு மட்டும் மேலே சென்று புள்ளி வைத்தோம். ஆராய்ச்சியை அந்தத் தொட்டியின் அருகிலேயே நடத்தினோம்.

முட்டைதானா?

முதல் கேள்வி இதுதான். தொட்டியில் காணும் உருண்டைகள் எல்லாம் முட்டைகள் அல்ல. நாற்றுப் பண்ணைகளில் மெதுவாகக் கரையும் உரத்தைச் சிறு குண்டுமணிகளாக மண்ணில் கலப்பதுண்டு. மஞ்சள், பழுப்பு, பச்சை நிறங்களில் 2 முதல் 4 மி.மீ. அளவில் இருக்கும். ஒவ்வொரு மணியின் மீதும் மெல்லிய பூச்சு உண்டு. அதன் வழியே நீர் உள்ளே சென்று உரத்தைக் கரைத்து, சிறிது சிறிதாக வெளியே விடுகிறது. இவற்றைப் பூச்சி முட்டை என்று எண்ணி அஞ்சுபவர்கள் பலர். நசுக்கினால் உள்ளே உப்புக் கரைசல்தான் இருக்கும்.

நமது உருண்டையோ அதைவிட மூன்று மடங்கு பெரியது. ஒரே சீரான வெண்மை. எனவே முட்டை என்றே கொள்ளலாம்.

இடமும் எண்ணிக்கையும்

அடுத்து, எங்கே கிடந்தது? மண்ணைத் தோண்டிப் புதைத்திருந்தால் அதன்மேல் மண் மூடியிருக்க வேண்டும். இங்கு அப்படி இல்லை. வெயிலில் மண் காய்ந்து சுருங்கியதால் தொட்டியின் உட்சுவருக்கும் மண்ணுக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில், எதிலும் ஒட்டாமல், இரண்டு முட்டைகளும் அடுத்தடுத்துக் கிடந்திருக்கின்றன. தொட்டிக்கு நேர் மேலே, பால்கனிச் சுவரில், ஒரு குழல் விளக்கு.

எத்தனை? இரண்டே இரண்டு. சிறிய குச்சியால் அந்த இடைவெளி முழுவதையும் மெல்லத் துழாவிப் பார்த்தோம். வேறு இல்லை.

இந்த இரண்டு செய்திகளும் பெரிய சான்றுகள். ஓணான் மண்ணில் குழி தோண்டி, பெரும்பாலும் பத்து அல்லது அதற்கு மேலும் முட்டைகள் இட்டு, மண்ணை மூடி அழுத்திவிட்டுச் செல்லும். பெரிய ஆப்பிரிக்க நத்தை நூற்றுக்கணக்கில் ஒரே குவியலாக இடும். மாடப்புறா இரண்டு வெள்ளை முட்டைகள்தான் இடும். பால்கனித் தொட்டிகளிலும் இடும். ஆனால் அதன் முட்டை ஏறக்குறைய 4 செ.மீ. நீளம். நம் முட்டை எவ்வளவு? அளந்தே பார்த்துவிடுவோம்.

அளவு

உருண்டையான பொருளின் விட்டத்தை அளக்க வெர்னியர் அளவி உண்டு. திருகு அளவியும் உண்டு. ஆனால் திருகு அளவியால் முட்டையை இறுக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை! ஆகவே உங்கள் கணிதப் பெட்டியில் உள்ள இரண்டு மூலைமட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையின் இருபுறமும் அவற்றை மெல்லத் தொடும்படி நேராக நிறுத்துங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் படியுங்கள். அதுவே விட்டம்.

தீப்பெட்டி முட்டையை அப்படி அளந்தோம். நீளம் 9.5 மி.மீ.; அகலம் 8.5 மி.மீ. அதாவது, ஏறத்தாழக் கோளம்.

அரை மில்லிமீட்டரை எப்படிப் படித்தீர்கள் என்று கேட்கலாம். ஒருமுறை அளந்ததை நம்பாமல் அவள் ஐந்து முறை, நான் ஐந்து முறை அளந்து சராசரி எடுத்தோம். அதிலும் சிறு பிழை இருக்கலாம். ஆனால் 9 மி.மீ. முட்டையையும் 4 செ.மீ. முட்டையையும் பிரித்தறிய இந்தத் துல்லியம் போதும். எந்தக் கேள்விக்கு எவ்வளவு துல்லியம் தேவை என்று அறிவதும் இயற்பியலில் ஒரு பாடமே.

நீள்கோள வடிவப் பொருளின் கன அளவு = (π ÷ 6) × நீளம் × அகலம் × அகலம். நம் முட்டைக்கு: 0.524 × 0.95 × 0.85 × 0.85 = சுமார் 0.36 கன செ.மீ.

நிறை? 30 செ.மீ. மர அளவுகோலின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டோம். இரு முனைகளிலும் ஒரே மாதிரியான பாட்டில் மூடிகள். ஒன்றில் முட்டை. மற்றொன்றில், ஊசியில்லாத மருத்துவ சிரிஞ்சு கொண்டு சொட்டுச் சொட்டாக நீர். 1 மில்லி லிட்டர் நீரின் நிறை 1 கிராம் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே நீரே எடைக்கல்! 0.4 மி.லி. சென்றதும் அளவுகோல் சமநிலைக்கு வந்தது. ஆக, முட்டையின் நிறை 0.4 கிராம், அடர்த்தி கன செ.மீ.க்கு 1.1 கிராம். நீரைவிடச் சற்றே அதிகம். புதிய கோழி முட்டையின் அடர்த்தியும் ஏறக்குறைய இதுவே. உள்ளே நீர் நிறைந்த, காற்று அதிகம் புகாத முட்டை என்று பொருள். காய்ந்துபோன பழைய முட்டையாக இருந்திருந்தால் அடர்த்தி குறைந்திருக்கும்.

ஓடு சொல்லும் செய்தி

இனி, அந்த மாணவி முதலிலேயே கவனித்த செய்திக்கு வருவோம். நகத்தால் தட்டினால் ஒலி எழும்பும் கெட்டியான ஓடு.

பாம்பு, ஓணான், அரணை ஆகியவற்றின் முட்டைகளுக்கு ஓடு என்பது தோல்போன்ற உறைதான். அழுத்தினால் குழியும். இந்த உறை வழியே நீர் எளிதில் போகும், வரும். ஈரமான மண்ணில் கிடக்கும் ஓணான் முட்டை மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி, இட்டபோது இருந்ததைவிடப் பருத்துவிடும். காய்ந்த இடத்தில் வைத்தால் சுருங்கி வற்றிவிடும். அதனால்தான் ஓணான் மண்ணைத் தோண்டிப் புதைக்கிறது. தாய் இடம் தேர்ந்தெடுப்பதற்கும் முட்டையின் உறைக்கும் இப்படி நெருங்கிய தொடர்பு உண்டு.

நம் வீட்டுப் பல்லியின் கதை வேறு. அதன் முட்டை வெளிவரும்போது மென்மையாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். காற்றுப்பட்டதும் சில மணி நேரத்தில் கால்சியம் கார்பனேட்டாலான ஓடு இறுகிவிடும். குஞ்சுக்கு வேண்டிய நீர் முழுவதும் முதலிலேயே உள்ளே இருக்கிறது. ஓடு அதைக் காத்துக்கொள்கிறது. எனவே ஈர மண் தேவையில்லை. படத்தின் பின்புறம், மின்பெட்டியின் உட்புறம், பழைய புத்தக அடுக்கு, தொட்டியின் இடுக்கு என்று எங்கும் இடலாம்.

சின்னஞ்சிறு முட்டைக்கு இப்படிப்பட்ட ஓடு ஏன் அவ்வளவு தேவை? ஒரு கணக்கு போடுவோம். கோளத்தின் மேற்பரப்பை அதன் கன அளவால் வகுத்தால் கிடைப்பது 6 ÷ விட்டம். கோழி முட்டையின் சராசரி விட்டம் சுமார் 4.5 செ.மீ. எனவே அந்த விகிதம் 1.3. நம் முட்டையின் விட்டம் சுமார் 0.9 செ.மீ. எனவே விகிதம் 6.7. அதாவது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கன செ.மீ. நீருக்கும், கோழி முட்டையைப்போல் ஐந்து மடங்கு பரப்பு வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது! பெரிய பானை நீரைவிடத் தட்டில் ஊற்றிய நீர் விரைவில் வற்றுவது இதனால்தான். வறண்ட இடுக்கில் கிடக்கும் சின்ன முட்டைக்கு நல்ல ஓடு இல்லையென்றால், குஞ்சு உருவாகும் முன்பே உள்ளிருக்கும் நீர் வற்றிப்போகும்.

விளக்கொளியில்

கடைசிச் சோதனை. அறையை இருட்டாக்கினோம். கைப்பேசியின் விளக்கை அட்டையால் மூடி, அட்டையில் சிறு துளை மட்டும் போட்டோம். பென்சில் புள்ளி வைத்த முட்டையைக் கரண்டியில், புள்ளி மேலே இருக்கும்படியே எடுத்து, அந்தத் துளைக்குமேல் ஒரு சில விநாடிகள் பிடித்தோம். கோழிப் பண்ணையில் முட்டையைச் சோதிப்பதும் இம்முறையில்தான்.

முட்டை முழுவதும் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. அதனுள்ளே நூலிழை போன்ற சிவப்புக் கோடுகள் கிளைவிட்டுத் தெரிந்தன. அந்த மாணவி சிறிது நேரம் பேசவேயில்லை.

ஏன் சிவப்பு? உங்கள் விரல் நுனியை விளக்கின்மேல் வைத்துப் பாருங்கள். விரலும் சிவப்பாகவே ஒளிரும். வெண்ணிற ஒளியில் எல்லா நிறங்களும் உண்டு. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் பெரிதும் உட்கவர்ந்துவிடுகிறது. சிவப்பே பெருமளவு தப்பி வெளியே வருகிறது. ஆக, நாங்கள் கண்டது இரத்தக் குழாய்கள். உள்ளே ஓர் உயிர் வளர்ந்துகொண்டிருந்தது.

தீப்பெட்டி முட்டையையும் பார்த்தோம். அதுவும் ஒளிர்ந்தது. ஆனால் வெறும் மஞ்சள். கோடுகள் ஏதும் தெரியவில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்போம்

இப்போது எல்லாச் சான்றுகளையும் சேர்த்து, ஒவ்வொரு பிராணியாக விலக்கிக்கொண்டே வருவோம்.

நத்தை: பெரிய ஆப்பிரிக்க நத்தையின் முட்டை 4 முதல் 5 மி.மீ. வரை, வெளிர் மஞ்சள், குவியலாக இருக்கும். அளவு பொருந்தவில்லை, எண்ணிக்கையும் பொருந்தவில்லை.

ஓணான், அரணை: தோல்போன்ற உறை. மண்ணில் புதைந்திருக்கும். பொருந்தவில்லை.

மாடப்புறா: கெட்டி ஓடு, இரண்டு முட்டை. ஆனால் நீளம் நான்கு மடங்குக்கு மேல். பொருந்தவில்லை.

கடலாமை: கடற்கரைப் பிள்ளைகள் இதையும் கேட்பீர்கள். பங்குனி ஆமையின் முட்டை மேசைப்பந்து அளவு, சுமார் 4 செ.மீ.; உறை மென்மை; கடற்கரை மணலில் குழி தோண்டி நூறு முட்டை வரை இடும். மாடித் தொட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடற்கரையில் அதைக் கண்டாலும் எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம்.

பாம்பு: நல்லபாம்பு, சாரை ஆகியவற்றின் முட்டைகள் பல செ.மீ. நீளமானவை, நீள்வட்டமானவை, உறை மென்மையானது, பல முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நம் நாட்டில் முட்டை இடுவதே இல்லை, குட்டி போடுகின்றன. பொருந்தவில்லை.

வீட்டுப் பல்லி: ஒரு தடவைக்கு இரண்டு முட்டை, ஏறத்தாழக் கோள வடிவம், விட்டம் சுமார் 8 முதல் 10 மி.மீ.; கெட்டியான வெள்ளை ஓடு; வறண்ட இடுக்கு. எல்லாம் பொருந்துகின்றன. மேலே குழல் விளக்கு. அதைத் தேடி வரும் பூச்சிகள். பூச்சிகளைத் தேடி வரும் பல்லி. அண்ணாந்து பார்த்தோம். விளக்கின் ஓரத்தில் ஒரு பல்லி தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. முட்டையுள்ள பல்லியைக் கண்ணாடிச் சன்னலின் மறுபுறமிருந்து பார்த்தால், வயிற்றுத் தோலின் வழியே இரண்டு வெள்ளை முட்டைகளும் தெரியும். நீங்களும் கவனித்துப் பாருங்கள்.

ஆயாவின் சொல்லிலும் ஓர் உண்மை

முடிவைச் சொன்னதும் தாயார் நிம்மதியடைந்தார். ஆயா விடவில்லை. "தொட்டியில பாம்பே இருக்காதுன்னு சொல்றியாப்பா?" என்று கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது. பூந்தொட்டியிலேயே வாழும் பாம்பு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது!

புழுப்பாம்பைப் பார்த்திருப்பீர்கள். மழைக்குப்பின் குளியலறையில் கறுத்துப் பளபளக்கும் மண்புழுபோல் நெளியும். ஒரு சாண் நீளம்கூடப் பெரும்பாலும் இராது. கண்கள் செதிலுக்கடியில் இரு புள்ளிகளாகவே தெரியும். எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளையும் புழுக்களையும் தின்று மண்ணுக்குள் வாழ்கிறது. நஞ்சு கிடையாது, மனிதரைக் கடிப்பதும் இல்லை. சோழமண்டலக் கடற்கரையின் பாம்புகளைப் பற்றி பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர் 1796இல் வெளியிட்ட நூலில் இதன் படம் உண்டு. 1803இல் தோதேன் என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்குப் 'பிராமினஸ்' என்று அறிவியல் பெயர் சூட்டினார்.

நம் நாட்டுப் பகுதியைச் சேர்ந்த இந்தச் சின்னப் பாம்பு இன்று ஹவாய்த் தீவுகள், ஃபுளோரிடா, மெக்சிகோ, ஆஸ்திரேலியா என்று உலகின் வெப்பப் பகுதிகள் பலவற்றிலும் உள்ளது. எப்படிச் சென்றது? செடிகளைத் தொட்டி மண்ணோடு கப்பலில் ஏற்றினார்கள். மண்ணோடு அதுவும் சென்றது. அதனால் ஆங்கிலத்தில் இதைப் பூந்தொட்டிப் பாம்பு என்றே அழைக்கிறார்கள். இன்னொரு வியப்பும் உண்டு. இதில் ஆணே கிடையாது. எல்லாம் பெண்கள். ஆணின் துணையின்றியே முட்டையிட்டு இனத்தைப் பெருக்கும். ஆகவே ஒரு தொட்டியில் ஒரே ஒரு பாம்பு போய்ச் சேர்ந்தாலும் போதும். ஒரு புதிய நாட்டில் அதன் குடும்பம் தொடங்கிவிடும். இதன் முட்டைகள் அரிசியைவிடச் சற்றுப் பெரிய, நீண்டு மெலிந்த, மெல்லிய உறையுள்ள முட்டைகள். நம் உருண்டை முட்டையோடு அவற்றைக் குழப்பிக்கொள்ள வழியில்லை.

நம் வீட்டுப் பல்லியும் கப்பல் பயணிதான். மேற்சொன்ன கெட்டி ஓட்டை நினைத்துப் பாருங்கள். ஈர மண் வேண்டாம். உப்புக் காற்றைத் தாங்கும். சரக்கின் இடுக்கில் வாரக்கணக்கில் கிடக்கும். இவ்வாறு 'ஹெமிடாக்டைலஸ் ஃபிரெனாட்டஸ்' என்னும் வீட்டுப் பல்லி ஆசியாவிலிருந்து பசிபிக் தீவுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரவியது. பசிபிக் தீவுகள் சிலவற்றில் விளக்கொளியில் பூச்சி பிடிக்கும் போட்டியில் இது வென்று, கட்டடங்களில் வாழ்ந்த உள்ளூர்ப் பல்லிகளைக் குறைத்துவிட்டது. இங்கே நமக்குத் துணையாக இருக்கும் பிராணி அங்கே தொல்லையாகிவிட்டது.

எதிர்த் திசையிலும் பயணம் நடந்திருக்கிறது. பெரிய ஆப்பிரிக்க நத்தையை 1847இல் மொரீஷியசிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாத் தோட்டம் ஒன்றில் விட்டவர் பென்சன் என்ற ஆங்கிலேயர். இன்று அது நம் தோட்டப் பயிர்களைத் தின்னும் பெரும் பூச்சியாக நாட்டின் பல பகுதிகளில் பரவிவிட்டது. எனவே வெளிர் மஞ்சள் முட்டைக் குவியலைத் தொட்டியில் கண்டால், அதை மட்டும் வளரவிடக் கூடாது. வெறுங்கையால் தொடாமல், பெரியவர் துணையோடு கொதிநீரில் போட்டு அழித்துவிட வேண்டும்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். இராயபுரத்தை அடுத்த துறைமுகத்திலிருந்தும், எண்ணூர்த் துறைமுகத்திலிருந்தும் அவை உலகெங்கும் செல்கின்றன, உலகெங்கிலுமிருந்து வருகின்றன. சரக்குப் பட்டியலில் இல்லாத உயிர்களும் அவற்றோடு பயணம் செய்யக்கூடும். துறைமுக ஊரில் வாழும் நமக்கு ஒரு முட்டையைச் சரியாக அடையாளம் காண்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. எதை வாழவிடலாம், எதை அழிக்க வேண்டும், எதற்காக உதவியை அழைக்க வேண்டும் என்பவையெல்லாம் அந்த அடையாளத்தைப் பொறுத்தே அமைகின்றன.

முடிவு

குரோட்டன்ஸ் தொட்டி குப்பைக்குப் போகவில்லை. குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பழைய மேசை ஒன்றின்மேல் வைத்தார்கள். இரண்டு முட்டைகளையும் மீண்டும் அதே இடுக்கில் வைத்தோம். மாணவி ஒரு நோட்டில் நாள்தோறும் குறிப்பெழுதினாள். தொட்டிக்கு வழக்கம்போல் நீர் ஊற்றினார்கள். இரண்டு வாரம் கழித்துத் தீப்பெட்டி முட்டையை அளந்தோம். அதே 9.5 மி.மீ.; அதே 8.5 மி.மீ. நீரை உறிஞ்சிப் பருக்கவில்லை. ஓணான் அல்ல என்பதற்கு இன்னுமொரு சான்று.

முப்பத்து மூன்றாம் நாள் காலை. புள்ளி வைத்த முட்டை இரண்டாக விரிந்து கிடந்தது. தொட்டியின் விளிம்பில், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பல்லிக் குஞ்சு. குஞ்சு ஓட்டை உடைக்க அதன் மேல்தாடை நுனியில் முட்டைப் பல் இருக்கும். பாம்புக் குஞ்சுக்கு அது ஒன்றே ஒன்று. பல்லிக் குஞ்சுக்கு இரண்டு. ஓட்டை உடைத்த சில நாட்களில் விழுந்துவிடும்.

வீட்டுப் பல்லியின் முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். எனவே நாங்கள் பார்ப்பதற்கு ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே அந்த முட்டை இடப்பட்டிருக்க வேண்டும்.

தீப்பெட்டி முட்டை பொரிக்கவில்லை. "நான் கழுவி உருட்டினதாலதானே சார்?" என்று அவள் கேட்டாள். இருக்கலாம். ஆனால் முதல் நாளே அதில் இரத்தக் குழாய்கள் தெரியவில்லையே. தொடக்கத்திலிருந்தே கருவற்ற முட்டையாகவும் இருந்திருக்கலாம். ஒரே ஒரு முட்டையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவள் நோட்டில் இப்படி எழுதினாள்: "முட்டை 1: பொரிக்கவில்லை. காரணம் உறுதியில்லை. இனிமேல் உருட்டக் கூடாது." ஓர் ஆராய்ச்சிக் குறிப்புக்கு இதைவிட நேர்மையான வரிகளை என்னால் எழுத முடியாது.

நீங்களும் செய்து பாருங்கள்

1. பொரித்து முடிந்த பல்லி முட்டை ஓட்டைத் தேடி எடுங்கள். பழைய படங்களின் பின்புறம் கிடைக்கும். அதன்மேல் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழிகள் வரும். கால்சியம் கார்பனேட்டும் அசெட்டிக் அமிலமும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வாயு வெளிவருகிறது. கோழி முட்டை ஓட்டிலும் இதையே செய்து ஒப்பிடுங்கள்.

2. கோழி முட்டை, கொண்டைக்கடலை, கோலிக்குண்டு ஆகியவற்றின் விட்டத்தை மூலைமட்ட முறையில் அளந்து, ஒவ்வொன்றின் மேற்பரப்புக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுங்கள். எது மிக அதிகம்?

3. ஒரே அளவு நீரை ஒரு டம்ளரிலும் ஒரு தட்டிலும் ஊற்றி மொட்டைமாடியில் வையுங்கள். எது எத்தனை மணி நேரத்தில் வற்றுகிறது? பல்லி முட்டையின் ஓட்டோடு இதைத் தொடர்புபடுத்தி ஐந்து வரி எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை: மென்மையான உறையோடு, 2 செ.மீ.க்கு மேல் நீளமாக, ஒட்டிக்கொண்டு கிடக்கும் முட்டைகளைக் கண்டால் தொடாதீர்கள், கிளறாதீர்கள். நல்லபாம்பு தன் முட்டைகளின் அருகிலேயே காவல் இருக்கும். பெரியவர்களிடம் சொல்லி வனத்துறையினரையோ தீயணைப்பு நிலையத்தாரையோ அழையுங்கள். மற்ற முட்டைகளுக்கு ஓர் அளவுகோல், ஒரு விளக்கு, ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை ஆகியவை போதும்.